வாசகர் கேள்விகள்: வானத்தை நோக்கிச் சுட்ட குண்டு எங்கே விழுகிறது?

சென்ற இதழில், புத்தாண்டு இரவில் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டுக் கொண்டாடுகிறவர்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் வழக்கத்தைவிட அதிகம். பாதிப் பேர் பயந்துபோய் எழுதியிருக்கிறார்கள், மீதிப் பேர் கோபமாக. தடய அறிவியல் கூடத்தின் துப்பாக்கிப் பிரிவில்தான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. சுட்டவர்களைவிட, சுடப்பட்ட குண்டுகளை அதிகம் பார்த்தவன் நான். அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் இந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கிவிட்டேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே என் பதில் இருக்கிறது.

நேர் மேலே சுட்டால் ஆபத்தே இல்லை என்கிறார் என் மைத்துனர். மேலே போன குண்டு வேகமெல்லாம் தீர்ந்து ஒரு கணம் நின்றுவிடுமாம். அதற்கப்புறம் விழுவது வெறும் உலோகத் துண்டுதானாம். ராணுவத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். உண்மையா?

சோதித்துப் பார்த்தது உண்மைதான். ஆனால் உங்கள் மைத்துனர் அந்தச் சோதனையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

1920-ல் அமெரிக்க ராணுவ அதிகாரி ஜூலியன் ஹேட்சர், ஃப்ளோரிடா கடற்கரையை ஒட்டித் தண்ணீருக்குள் ஒரு சின்ன மேடை கட்டினார். அதில் இயந்திரத் துப்பாக்கியை வானம் பார்க்கப் பொருத்தி, தலைக்கு மேல் பாதுகாப்புக்கு இரும்புத் தகடு வைத்துக்கொண்டு சுட்டார்கள். குழலைவிட்டுக் கிளம்பும்போது அந்த ரைஃபிள் குண்டின் வேகம் நொடிக்கு 800 மீட்டருக்கு மேல். சுமார் இரண்டே முக்கால் கிலோமீட்டர் உயரம் போய், திரும்பி விழும்போது அது நொடிக்கு ஏறத்தாழ 90 மீட்டராகக் குறைந்துவிடுகிறது. காற்றின் தடை அதற்கு மேல் வேகமெடுக்க விடுவதில்லை. மேடைப் பலகையில் விழுந்த குண்டு வால் பக்கம் கீழாக வந்து, மரத்தில் லேசான பள்ளம்தான் போட்டது. ஆளைச் சாய்ப்பதற்கு இவ்வளவு சக்தி வேண்டும் என்று ராணுவம் அப்போது ஓர் அளவு வைத்திருந்தது. விழுந்த குண்டில் அதில் பாதிதான் இருந்தது. மைத்துனர் சொல்வது இதுவரைக்கும் சரி.

அவர் சொல்லாத பாதிக்கு வருவோம். துப்பாக்கியைத் தாங்கியில் இறுகப் பொருத்தி, கோணத்தைத் திருத்தித் திருத்தி, 500-க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டார்கள். திரும்பி மேடைக்கு வந்தவை நான்கே நான்கு. மற்றதெல்லாம் காற்று இழுத்த பக்கம் கடலில் போய் விழுந்தது. நல்லவேளை, சுற்றிலும் தண்ணீர். அளந்து சுடுவதையே வேலையாக வைத்திருந்தவர்களுக்கே குண்டு எங்கே விழும் என்று தெரியவில்லை.

அடுத்தது அந்த வேகம். நொடிக்கு 90 மீட்டர் என்றால் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல். நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் வரும் குண்டே தோலைக் கிழித்து உள்ளே போகும், மண்டையோட்டையும் துளைக்க முடியும் என்று காயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ‘ஆளைச் சாய்க்கும் சக்தி’ என்பது போர்க்களத்தில் ஒரு சிப்பாயை நிறுத்துவதற்கான கணக்கு. அப்பா தோளில் உட்கார்ந்து வாணவேடிக்கை பார்க்கிற மூன்று வயதுக் குழந்தையின் உச்சந்தலைக்கு அந்தக் கணக்கைப் போடக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. நேர் மேலே யாரும் சுடுவதில்லை. சந்தேகமிருந்தால் மைத்துனரிடம் ஒரு குச்சியைக் கொடுத்து, ‘நேர் மேலே’ பிடிக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்று ஒரு போட்டோ எடுத்து அவரிடமே காட்டுங்கள். கை முன்னால்தான் சாயும், தோள்மூட்டின் அமைப்பு அப்படி. கூட்டத்துக்கு நடுவில், சத்தத்தில், அதுவும் குடித்திருந்தால் இன்னும் சாயும். அப்படிச் சாய்வாகப் போன குண்டு மேலே போய் நிற்பதே இல்லை. சுழற்சி அதிகம் குறையாமல், மூக்கு முன்னால் பார்க்க, பக்கவாட்டு வேகத்தோடு வளைந்து இறங்குகிறது. 90 மீட்டர் கணக்கு அதற்குப் பொருந்தாது, அதைவிட வேகமாகவே வரும். கூரையைத் துளைத்து வந்து என் மேசைக்குச் சேர்ந்த குண்டுகளில் மூக்கு நசுங்கியவைதான் அதிகம். வால் நசுங்கியவை அபூர்வம். நேர் மேலே போய் நேர் கீழே வந்தவை எவ்வளவு குறைவு என்பதை அந்த மூக்குகளே காட்டிவிடும்.

நாங்கள் வீட்டுக்குப் பின்னால், வெட்டவெளியைப் பார்த்துத்தான் சுடுகிறோம். அந்தப் பக்கம் வீடுகளே இல்லை. அப்படியும் தவறா?

உங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வீடுகள் இல்லை. குண்டு அதைத் தாண்டிப் போகும். மிகச் சிறிய .22 தோட்டாவின் குண்டே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. ஏகே வகைத் துப்பாக்கியின் குண்டு 3 கிலோமீட்டர் வரை பறக்கும். 3 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள், 28 சதுர கிலோமீட்டர் வருகிறது. அவ்வளவு இடத்திலும், அந்த நிமிடத்தில், கூரையில்லாத இடத்தில் ஒருவர்கூட நிற்கவில்லை என்று உங்களால் சொல்ல முடியுமா? பண்டிகை இரவில் எல்லோரும் வெளியில்தானே நிற்பார்கள்.

தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் விசேஷ நாட்களில் சுடுவது வழக்கம். இதுவரை யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. நீங்கள் எதையோ பெரிதாக்கி ஒரு பழக்கத்தையே குற்றமாக்குகிறீர்கள்.

கீறல் விழவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? கோபத்தில் கேட்கவில்லை. இதை நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் வாசலில் நின்றிருந்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை, அதை நான் நம்புகிறேன். ஆனால் உங்கள் குண்டு விழுந்தது உங்கள் வாசலில் இல்லை. சுட்ட சத்தம் கேட்டு அரை நிமிடமோ அதற்கு மேலோ கழித்து, சத்தமே கேட்காத தூரத்தில் அது விழுகிறது. யாராவது சாய்ந்தால் அவர் பக்கத்தில் நிற்பவருக்கு அது வெடிச்சத்தமாகக்கூடத் தோன்றாது. அவர்களுக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு அவர்களைத் தெரியாது. இந்த வகைச் சாவில் சுட்டவர் பெரும்பாலும் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார். தான் செய்தது என்ன என்பதே அவருக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் ‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்ள முடிகிறது.

எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரே ஒரு மருத்துவமனையில், 1985-லிருந்து 1992 வரை, வானிலிருந்து விழுந்த குண்டால் அடிபட்டு வந்தவர்கள் 118 பேர். அவர்களில் 38 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோருக்கு அடி தலையில். சாதாரணத் துப்பாக்கிச் சூட்டில் குண்டு கையில், காலில், வயிற்றில் என்று எங்கும் படும். மேலிருந்து வருவது முதலில் தலையைத்தான் பார்க்கிறது. அதனால்தான் இறப்பு விகிதம் இவ்வளவு கூடுதல். போர்ட்டோ ரிக்கோவில் 2003 முடிந்து 2004 பிறந்த அந்த ஒரு புத்தாண்டு சமயத்தில் மட்டும் 19 பேருக்கு அடிபட்டது, ஒருவர் இறந்தார். பாக்தாத்தில் 2003 ஜூலையில் சதாம் உசேனின் மகன்கள் கொல்லப்பட்ட செய்தி வந்த இரவு ஊரே வானத்தை நோக்கிச் சுட்டது. அதில் 20 பேருக்கு மேல் செத்ததாகச் செய்திகள் வந்தன. அவ்வளவும் சந்தோஷத்தில் சுட்டது.

உங்கள் தாத்தா சுட்ட காலத்தில் உங்கள் வீட்டைச் சுற்றி எத்தனை வீடுகள் இருந்தன, இப்போது எத்தனை இருக்கின்றன? அதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அரசு மரியாதையில் வரிசையாக நின்று வானத்தை நோக்கிச் சுடுகிறார்களே, அந்தக் குண்டுகள் எங்கே போகும்? என் பத்து வயது மகள் கேட்கிறாள்.

மகளிடம் சொல்லுங்கள்: அதில் குண்டே கிடையாது. அவை வெற்றுத் தோட்டாக்கள். மருந்து இருக்கும், சத்தமும் புகையும் வரும், முனையில் குண்டு இருக்காது. பீரங்கி மரியாதையும் அப்படித்தான். நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள், பெரியவர்கள் பலருக்கு இது தோன்றுவதே இல்லை.

இதே வரிசையில் இன்னொரு வாசகர், ‘அப்படியானால் நாங்களும் வெற்றுத் தோட்டா வாங்கிச் சுடலாமா’ என்று கேட்டிருக்கிறார். தூரத்தில் நிற்பவருக்கு அதனால் ஆபத்தில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு உண்டு. குழல் வாயிலிருந்து வெளிவரும் வாயுவின் அழுத்தமும் சூடும் லேசுப்பட்டதில்லை. 1984-ல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர் படப்பிடிப்புத் தளத்தில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். மண்டையோடு உடைந்து சில நாட்களில் இறந்தார். ராணுவத்தில் வெற்றுத் தோட்டாவை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறார்கள், நிஜத் தோட்டா அந்தப் பக்கமே வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வீட்டு விசேஷத்தில், இருட்டில், ஒரே பையில் இரண்டும் கிடந்தால் யார் பிரித்துப் பார்ப்பார்கள்? வேண்டாம்.

சிதறு ரவை போட்டுச் சுடும் துப்பாக்கி பரவாயில்லையா?

சிறு பறவைகளைச் சுடும் பொடி ரவை மிக லேசானது. நேர் மேலே போய் விழுந்தால் உயிருக்கு ஆபத்தாகும் வேகம் அதற்கு வராது. ஆனால் அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்கு அதுவே போதும். சாய்வாகச் சுட்டால் இருநூறு மீட்டர் வரை போகும், பண்டிகைக் கூட்டம் அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கும். பெரிய விலங்குகளுக்கான கனத்த ரவையும் ஒற்றைக் குண்டும் வேறு கதை, அவற்றை ரைஃபிள் கணக்கில் சேருங்கள். ‘பரவாயில்லை’ என்ற பதில் என்னிடம் இல்லை.

என் மாமனார் ராணுவத்தில் இருந்தவர். வருடப் பிறப்பு இரவு பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடியில் நின்று ஆறு ரவுண்டு சுடுவார். வீட்டில் யாரும் அவரை எதிர்த்துப் பேச மாட்டார்கள். என் கணவரும்தான். எங்களுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர் நல்ல மனிதர், பேரப்பிள்ளைகள் என்றால் உயிர். அவமானப்படுத்தாமல் இதை எப்படி நிறுத்துவது?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வந்த கடிதங்களிலேயே மிக நல்ல கடிதம் உங்களுடையது. அவரைக் குறைத்துப் பேசாமலே உங்கள் பயத்தைச் சொல்லியிருக்கிறீர்கள்.

அவர் ராணுவத்தில் இருந்தவர் என்பது உங்களுக்குச் சாதகமான விஷயம். துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் எந்த இடத்திலும் முதல் நாளே சில விதிகளை மனப்பாடம் பண்ண வைப்பார்கள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே நினை. சுட விரும்பாததன் பக்கம் குழலைத் திருப்பாதே. சுடும் நிமிடம் வரை விசையில் விரல் வைக்காதே. உன் இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. துப்பாக்கி பயிற்சித் திடல்களில் இலக்குக்குப் பின்னால் பெரிய மண்மேடு எழுப்பியிருப்பது இந்தக் கடைசி விதிக்காகத்தான். தப்பிய குண்டு அதில் போய்ப் புதைந்துவிடும். வானத்துக்குப் பின்னால் மண்மேடு கிடையாது. இது உங்கள் மாமனாருக்கு உங்களையும் என்னையும்விட நன்றாகத் தெரியும். அதனால் அவரிடம் புத்தி சொல்லப் போகாதீர்கள், கேள்வி கேளுங்கள். ‘மாமா, நீங்க சர்வீஸ்ல இருந்தப்போ இலக்கு இல்லாம ஒரு ரவுண்டு சுட்டா என்ன பண்ணுவாங்க?’ என்று சும்மா பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். அவரே பதில் சொல்லட்டும். சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு எழுதிய இடத்திலிருந்து வந்தவர் அவர்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடியில், உறவினர்கள் சுற்றி நிற்கும்போது கேட்காதீர்கள். அங்கே யாராலும் பின்வாங்க முடியாது. ஒரு மாதம் முன்னால், சாதாரணமான ஒரு பகல் வேளையில், பிள்ளைகள் அவர் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போது கேளுங்கள். உங்கள் கணவர் அப்போது கூட இருக்க வேண்டும். பேசாவிட்டாலும் பரவாயில்லை, எழுந்து போகாமல் இருந்தால் போதும். மாமனாருடன் பணியில் இருந்த பழைய நண்பர் யாராவது இருந்தால் அவரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மருமகள் சொல்லி நிறுத்தினார் என்பதைவிட, பழைய சகா சொல்லி நிறுத்தினார் என்பது அவருக்குச் சுலபம்.

பன்னிரண்டு மணிக்கு அவருக்கு வேறு பொறுப்பு வேண்டும். இத்தனை வருடம் அந்த நிமிடத்தின் நாயகன் அவர்தான், அதைச் சும்மா பிடுங்கிக்கொண்டால் வருத்தம்தான் மிஞ்சும். கடைசிப் பத்து நொடியை எண்ணிச் சொல்வது அவராக இருக்கட்டும். ஒரு மணியோ மேளமோ முதலில் அவர் கையில்தான் ஒலிக்கட்டும். அன்று மாலை யாரும் குடிக்க ஆரம்பிக்கும் முன்பே துப்பாக்கி ஒரு பூட்டிலும், தோட்டா இன்னொரு பூட்டிலும் போய்விட வேண்டும். இதை அவர் கையாலேயே செய்ய வைத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள், தேவைப்பட்டால் அவரிடமும் சொல்லுங்கள். கொண்டாட்டச் சூட்டில் சாகிறவர்கள் எல்லோரும் தூரத்தில் இருப்பவர்கள் இல்லை. பக்கத்தில் நிற்பவர்களும் சாகிறார்கள். இரண்டு ரவுண்டு போனதும் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். ‘என்ன ஆச்சு’ என்று குழலைத் தாழ்த்திப் பார்ப்பார், விரல் விசையிலேயே இருக்கும், அடுத்த குண்டு கூட்டத்துக்குள் போகும். யாராவது சந்தோஷத்தில் கட்டிப்பிடிக்க வந்து கையைத் தட்டிவிடுவார்கள். 2016 டிசம்பரில் பஞ்சாபில் ஒரு கல்யாண மேடையில் ஆடிக்கொண்டிருந்த பெண் அப்படிச் சுட்டதில் குண்டு பட்டு மேடையிலேயே சாய்ந்து இறந்தார். சுட்டவருக்கு அந்தப் பெண்மேல் எந்தப் பகையும் இல்லை.

எல்லாம் சொல்லியும் கேட்கவில்லை என்றால், அன்று இரவு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழே வந்துவிடுங்கள். அது அவரை அவமானப்படுத்துவது ஆகாது. ‘பிள்ளைகள் மேலே வர மாட்டார்கள், மாமா’ என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் இல்லாத மொட்டைமாடியில் அவருக்கு என்ன கொண்டாட்டம்? நிறுத்திவிட்டார் என்று நீங்கள் எழுதும் கடிதத்துக்காகக் காத்திருப்பேன்.

பண்டிகை இரவில் நாங்கள் வீட்டுக்குள் இருந்தால் போதுமா?

கான்கிரீட் தளத்துக்குக் கீழே இருந்தால் மேலிருந்து விழும் குண்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தகரம், ஓடு, மெல்லிய ஷீட் ஆகியவை நம்பகமில்லை. தகரக் கூரையைத் துளைத்து, கட்டிலில் மடித்து வைத்திருந்த போர்வையின் நாலு மடிப்பைத் தாண்டிப் புதைந்திருந்த குண்டு ஒன்றை நானே பிரித்து எடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீடு என்றால், சுடும் சத்தம் அடங்கும் வரை மேலே இன்னொரு தளம் இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை மாற்றிவிடுங்கள். சத்தம் நின்று சில நிமிடம் கழித்து வெளியே வாருங்கள், உடனே வேண்டாம்.

கூட்டத்தில் நின்றிருந்த என் தங்கை ‘யாரோ கல் எறிந்துவிட்டார்கள்’ என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரத்தம் கொஞ்சம்தான். நல்லவேளை, கூட இருந்த ஒருவர் மருத்துவமனைக்கு இழுத்துப் போனார். ஸ்கேனில் உள்ளே குண்டு. இப்போது தேறிவிட்டாள். இதை எல்லோருக்கும் எழுதுங்கள்.

எழுதுகிறேன். தங்கை பிழைத்ததில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லி முடியாது. கூட இருந்தவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

‘கல் பட்டது’ என்று நினைப்பது மிகவும் சகஜம். பக்கத்தில் துப்பாக்கி வெடிக்கவில்லை, துப்பாக்கியோடு யாரும் நிற்கவில்லை, காயமோ முடிக்குள் மறைந்த சின்னத் துளை. வேகம் குறைந்த குண்டு போடும் துளை சின்னதாகத்தான் இருக்கும், ரத்தமும் சில நேரம் கொஞ்சம்தான் வரும். ஊரில் சுடும் சத்தம் கேட்ட இரவில் தலையிலோ தோளிலோ திடீரென்று அடி விழுந்தால், வேறு காரணம் நிச்சயமாகத் தெரியும் வரை அதைக் குண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோளில் பட்டதும் தோளோடு நிற்பதில்லை. மேலிருந்து வருவதால் கழுத்தெலும்பைத் தாண்டி நேராக நுரையீரல் பக்கம் இறங்கும்.

துளைக்குள் விரலோ எதையோ விட்டுப் பார்க்காதீர்கள். சுத்தமான துணியை வைத்துப் பிடியுங்கள். தலையில் எலும்பு அமுங்கியது போலிருந்தால் அழுத்தாமல் மூடி மட்டும் வையுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். அங்கே போனதும் ‘சுடும் சத்தம் கேட்டது’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அப்போதுதான் எக்ஸ்ரேயோ சிடி ஸ்கேனோ எடுக்க அவர்களுக்குத் தோன்றும். உள்ளே என்ன உலோகம் என்று தெரியாத நிலையில் எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது. சில குண்டுகளில் எஃகு உண்டு, காந்தம் அதை அசைத்துவிடும்.

போலீஸில் சொன்னால், ‘யாருக்கும் அடிபடவில்லையே, என்ன கேஸ் போடுவது’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். அடிபட்டால்தான் குற்றமா?

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. இந்தியா என்றால் அந்தப் பதில் தவறு. 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது ‘கொண்டாட்டச் சூடு’ என்று பெயர் சொல்லியே ஒரு பிரிவு சேர்த்தார்கள், 25-ஆம் பிரிவின் 9-ஆம் உட்பிரிவு. பொதுக்கூட்டம், வழிபாட்டிடம், கல்யாணம், வேறு எந்த விசேஷமானாலும் சரி, பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி சுட்டாலே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாருக்காவது அடிபட வேண்டும் என்று அதில் இல்லை. அடுத்த முறை போகும்போது பிரிவின் எண்ணை எழுதியே கொடுங்கள்.

மற்ற நாடுகளிலும் சட்டம் இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. என்ன வேதனை என்றால், ஒரு குழந்தை செத்த பிறகுதான் பல இடங்களில் நகர்ந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் 2000-ல் வந்த சட்டத்துக்கு, முந்தைய வருடம் ஃபீனிக்ஸ் நகரில் எங்கிருந்தோ வந்த குண்டு பட்டு இறந்த 14 வயதுப் பெண்ணின் பெயர். மிசூரி மாநிலச் சட்டத்துக்கு, 2011 ஜூலை 4 அன்று கான்சஸ் சிட்டியில் குண்டு பட்டு மறுநாள் இறந்த 11 வயதுச் சிறுமியின் பெயர். அந்தச் சட்டம் 2024-ல்தான் வந்தது. பதின்மூன்று வருடம் அந்தப் பிள்ளையின் குடும்பம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. லெபனானில் 2016-லிருந்து வானத்தை நோக்கிச் சுடுவதே தனிக் குற்றம். ஆனாலும் பெய்ரூட்டில் 2022 நவம்பரில், தரையிறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானத்தைத் தவறிவந்த குண்டு ஒன்று துளைத்தது. பிலிப்பைன்ஸில் 2022-ல் தனிச் சட்டம் வந்தது. அதற்கு முன்னால் பல வருடங்கள், ஆண்டு முடியும்போது போலீஸ்காரர்களின் துப்பாக்கிக் குழல் வாயையே டேப் ஒட்டி மூடி வைப்பார்கள். தங்கள் ஆட்களிடமிருந்தே தொடங்கினார்கள் என்பதற்காக அதை நான் மதிக்கிறேன்.

புத்தாண்டுக்கு மறுநாள் எங்கள் ஷீட் கூரையில் ஒரு துளை, தரையில் ஒரு குண்டு. வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. இதை வைத்துச் சுட்டவரைக் கண்டுபிடிக்க முடியுமா, அல்லது தூக்கிப் போட்டுவிடலாமா?

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கண்டுபிடிக்க வாய்ப்பு இருக்கிறது.

துப்பாக்கிக் குழலின் உட்பக்கத்தில் சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருக்கும், குண்டைச் சுழல வைப்பதற்காக. குண்டு அதில் உரசிக்கொண்டு வரும்போது அந்தக் குழலின் கீறல்கள் அதன் பக்கத்தில் பதிந்துவிடும். சந்தேகத்துக்குரிய துப்பாக்கி கிடைத்தால், அதிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு குண்டு சுட்டு எடுத்து, இரண்டையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பிப் பார்ப்போம். ஒரே குழல் என்றால் இந்தக் குண்டின் கோடுகள் அந்தக் குண்டுக்குத் தொடர்ந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம். சுவரில், எலும்பில் முழு வேகத்தோடு மோதிய குண்டு நசுங்கி உருத்தெரியாமல் போயிருக்கும். விழுந்த குண்டு வேகம் குறைந்து வருவதால் பக்கங்கள் பெரும்பாலும் கெடாமல் இருக்கும். கீறல்கள் தெளிவாகக் கிடைக்கும். சுட்டவர் யாரென்று தெரியவே தெரியாது என்று நினைத்துக்கொண்டு சுடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்தக் குண்டை இடுக்கியால் பிடிக்காதீர்கள். கழுவாதீர்கள், துடைக்காதீர்கள். இடுக்கியின் பல் புதிய கீறல் போட்டுவிடும். கிடக்கும் இடத்திலேயே ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள், இடத்தைச் சாக்கட்டியால் குறியுங்கள், போலீஸுக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரத் தாமதமாகி, சின்னப் பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், காகிதத்தை மடித்து அதால் அள்ளி, காகித உறைக்குள் போட்டு, தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் கோத்துத் துரு ஏறும்.

குண்டைவிடத் துளை முக்கியம். தரையில் விழுந்த பிறகு உருண்டிருக்கலாம், அதனால் முதலில் எங்கே பட்டது என்று தரையில் தடம் தேடுங்கள். கூரைத் துளையிலிருந்து அந்தத் தடத்துக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டினால், குண்டு எந்தத் திசையிலிருந்து எவ்வளவு சாய்வாக வந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். அந்தத் திசையில் அன்று இரவு எங்கே சுட்டார்கள் என்று விசாரிப்பது போலீஸ் வேலை, உங்கள் வேலை இல்லை. நீங்களே போய் யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். ஆய்வுக்கு ஆள் வந்து அளந்து போகும் வரை துளையைச் சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டாம். மழை வருகிற மாதிரி இருந்தால் கூரைமேல் ஒரு தார்ப்பாயை விரித்து ஓரத்தில் மட்டும் பாரம் வையுங்கள், துளையைத் தொடாமல்.